சோங்சிங்கில் மாலாவைக் கூப்பிட்டேன்

சீனாவுக்குப் போய்வந்தவன் என்று தெரிந்தால் ராயபுரத்தில் எல்லோரும் ஒரே கேள்விதான் கேட்கிறார்கள். பாம்பு சாப்பிட்டாயா? தவளை? நான் வெள்ளரிக்காய் சாப்பிட்டேன் என்றால் கேட்டவர் முகம் தொங்கிப்போகிறது. அவ்வளவு தூரம் விமானத்தில் போய் வெள்ளரிக்காயா என்று என்னைப் பார்த்துப் பாவப்படுகிறார்கள். எனக்குக் கோபம்தான் வருகிறது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக விளக்கி வாய் வலிக்கிறது, அதனால் எழுதியே வைத்துவிடுகிறேன்.

விசைப்படகுகளுக்கு இன்ஜின் வேலை பார்க்கும் பட்டறை என்னுடையது. எங்களுக்கு இன்ஜின் விற்கும் டீலர், புது மாடலைப் பிரித்துப் பூட்டக் கற்றுக்கொள்ள இரண்டு மெக்கானிக்குகளைச் சீனாவில் உள்ள தொழிற்சாலைக்கு அனுப்புவதாகச் சொன்னார். ஒருவன் நான். இன்னொருவன் திருவொற்றியூர் தாஸ், என் பழைய தோஸ்து. தாஸ் அன்றைக்கே பெட்டி கட்ட ஆரம்பித்துவிட்டான். நான்தான் மாலாவை விட்டுவிட்டு எப்படிப் போவது என்று இழுத்தடித்துக்கொண்டிருந்தேன்.

மாலா என் மனைவி. படகுக்காரர் வீட்டுப் பெண். மார்க்கெட் பக்கத்துத் தெருமுனையில் தள்ளுவண்டி போட்டு சாயங்காலத்தில் மீன் வறுவல் விற்றாள். வாணலிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு யாரோடாவது பேசிக்கொண்டிருப்பாள். திடீரென்று திரும்பி மீனைப் புரட்டிப் போடுவாள், சரியாகச் சிவந்திருக்கும். கண்ணால் பார்த்துச் செய்கிற வேலை இல்லை அது, மூக்கு செய்த வேலை. மொட்டை மாடியில் நின்று, "எண்ணூர் காத்து அடிக்குது, துணிய எடு" என்பாள். கொஞ்ச நேரத்தில் கொடியில் விட்ட துணி மேல் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்திருக்கும்.

ரொம்பக் குறை சொல்கிறவள் என்று எங்கள் இரண்டு பக்கத்துச் சொந்தத்திலும் பெயர் வாங்கியவள். கல்யாணப் பந்தியில் உட்கார்ந்து ஒரு வாய் எடுத்து வைத்துவிட்டு, "ரசத்துல பெருங்காயம் கருகிப்போச்சு" என்று பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்கிற மாதிரி சொல்வாள். எனக்கு மானம் போகும். அவள் குறை சொல்லாத சாப்பாடு இந்த ஊரில் கிடையாது.

இரண்டு வருஷத்துக்கு முன்பு ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போனது, போகும்போது வாசனையையும் கையோடு எடுத்துக்கொண்டு போய்விட்டது. டாக்டர்கள் மூக்குக்குள் விளக்கடித்துப் பார்த்தார்கள். வந்தால் வரும், காத்திருங்கள் என்றார்கள். காத்திருந்தோம். ஒருநாள் கடையில் வாணலி முழுக்க மீன் தீய்ந்து புகைந்தபோது மாலா முதுகைக் காட்டிக்கொண்டு பேசிக்கொண்டே இருந்தாள். சாப்பிட வந்தவர்தான் சொன்னார். மறுநாள் வண்டியின் மேல் தார்ப்பாய் போட்டு மூடியவள், பிறகு அதைப் பிரிக்கவே இல்லை.

அதற்கப்புறம் சாப்பாடும் குறைந்தது. "மண்ண மெல்ற மாரி கீதுயா" என்பாள். டீயும் பன்னுமாக நாள் ஓடும். ரவிக்கை எல்லாவற்றையும் பிடித்துத் தைத்தாகிவிட்டது. எந்தக் கடையில் எதை வாங்கிக்கொண்டு வந்து வைத்தாலும் இரண்டு வாய் தின்றுவிட்டு, "நல்லாத்தான் கீது" என்று தட்டைத் தள்ளிவிடுவாள். மாலா வாயிலிருந்து நல்லாத்தான் கீது! குறை சொல்லக்கூட ஒன்றும் இல்லாமல் போய்விட்டது அவளுக்கு. இப்படியே போனால் இவள் எனக்குத் தங்கமாட்டாள் என்று பயந்துதான் போயிருந்தேன்.

அவளே என்னைப் போகச் சொன்னாள். "போய்ட்டு வாய்யா. நான் இன்னா கைக்கொழந்தையா? ஆனா ஒண்ணு. அந்த ஊரு இன்னா வாசன அடிக்குதுன்னு டெய்லி எனக்கு சொல்லணும்."

அப்படித்தான் தொழிற்சாலை இருந்த சோங்சிங் நகருக்குப் போய்ச் சேர்ந்தேன்.

அந்த ஊரில் துறைமுகம் உண்டு, கடல் கிடையாது. இரண்டு பெரிய ஆறுகள் கூடும் இடம். ஆற்றிலேயே கப்பல் மாதிரி படகுகள் போகின்றன. ஊர் முழுக்க மலைமேல் அடுக்கி வைத்திருக்கிறது. நம் பக்கம் மேடு என்றால் ராயபுரம் பாலம்தான், அதில் சைக்கிள் மிதித்தே எனக்கு மூச்சு வாங்கும். இங்கே பால் வாங்கப் போகிறவர்களும் படி ஏறித்தான் போகிறார்கள். கிழங்கள் எல்லாம் காய்கறிப் பையோடு விறுவிறு என்று என்னைத் தாண்டிப் போயின.

முதல் நாள் சாயங்காலம் ஆற்றங்கரையில் நின்று மாலாவுக்குப் போன் போட்டேன். இன்னா வாசனை என்றாள். மூச்சை இழுத்துப் பார்த்துச் சொன்னேன்.

"டீசலு. நனஞ்ச கயிறு. அப்பறம் எங்கப் பாத்தாலும் மொளகா. மொளகா மண்டியாண்ட டீசல் லாரிய நிறுத்தி வெச்சா எப்டி இருக்கும், அந்த மாரி."

"மீனு?"

"ஆத்து மீனு. கவிச்சி கம்மி."

"கம்மின்னா? குளத்து மீனு மாரியா, ஏரி மீனு மாரியா?"

"புழல் ஏரி மீனு மாரி."

"ம்" என்றாள். வீடியோவில் பார்த்தேன், கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். எனக்கு அங்கேயே ஊருக்கு டிக்கெட் எடுத்துவிடலாம் போல இருந்தது.

அப்படிக் கண்ணை மூடுகிற முகம் எனக்குப் பழக்கம். கல்யாணமான புதிதில் எண்ணூரில் இருந்த அவள் அக்கா வீட்டுக்கு ரயிலில் போவோம். கொருக்குப்பேட்டையில் வெள்ளரிப்பிஞ்சுக் கூடையோடு ஒரு அம்மா ஏறுவார். பிஞ்சை நாலாகக் கீறி, உள்ளே உப்பும் மிளகாய்த்தூளும் அப்பிக் கொடுப்பார். மாலா அதைக் கடித்துக்கொண்டே கண்ணை மூடி, வாசனையை வைத்து ஸ்டேஷன் பெயர் சொல்வாள். எண்ணெய் வாடை வந்தால் தண்டையார்பேட்டை. மூக்கைச் சுரண்டுகிற மாதிரி வந்தால் திருவொற்றியூர். கழிமுகத்துச் சேற்று நாற்றம் வந்தால், "எண்ணூரு வந்துட்ச்சி, எறங்கு" என்பாள். ஒரு தடவைகூடத் தப்பியதில்லை. மற்றவர்கள் முகம் சுளித்துக் கைக்குட்டையால் மூடிக்கொள்கிற நாற்றம் எல்லாம் அவளுக்கு ஊர்ப்பெயர்.

சோங்சிங்கில் எங்களுக்குத் துணை ஒரு போன் ஆப். தமிழில் பேசினால் அது சீனத்தில் சொல்லும், சீனத்தில் பேசினால் தமிழில் சொல்லும். ஆனால் அந்த ஆப்புக்கு நம்ம தமிழ் தெரியாது. ஹோட்டல் வரவேற்பில் இருந்த பெண்ணிடம் தாஸ் போனை நீட்டி, "தங்கச்சி, துன்றதுக்கு இன்னா கீது இங்க?" என்றான். ஆப் யோசித்து என்னவோ சொன்னது. அவள் உள்ளே போய் ஒரு குடையை எடுத்துவந்து பணிவாகக் கொடுத்தாள். அப்புறம் நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "இங்கு உணவு எங்கே கிடைக்கும்?" என்று செய்தி வாசிப்பவர் மாதிரி கேட்டேன். உடனே வழி காட்டினாள். பிறந்ததிலிருந்து ஊரில் பேசாத செந்தமிழை எல்லாம் நாங்கள் சீனாவில் பேசித் தீர்த்தோம். தாஸ் கழிப்பறையைக் கேட்கும்போதுகூட மேடையில் நிற்கிற மாதிரிதான் நின்றான்.

அந்தக் குடையை அறையிலேயே போட்டுவிட்டுப் போனதுதான் மறுநாள் வினையாக முடிந்தது.

பகலெல்லாம் தொழிற்சாலையில் நன்றாகத்தான் போனது. இன்ஜினுக்கு மொழி வேண்டாம். பேரிங் தேய்ந்தால் எந்த நாட்டிலும் ஒரே சத்தம்தான். மதியம் கேன்டீனில் தாஸ் கோபி மஞ்சூரியன் கேட்டான். நம் தெருவில் பாஸ்ட்ஃபுட் வண்டிக்காரர் போடுகிறாரே அதுதான் சீனச் சாப்பாடு என்று நம்பி வந்தவன். ஆப் அதை எப்படிச் சொன்னதோ தெரியவில்லை. பரிமாறியவர் குழம்பிப்போய்ப் பதில் சொன்னார். "மன்னிக்கவும், எங்களிடம் முட்டைக்கோசு உண்டு. மஞ்சூரியா பகுதி மக்கள் எவரும் இங்கு இல்லை" என்று ஆப் அறிவித்தது. தாஸ் ஊரிலிருந்து கொண்டுவந்த புளிக்காய்ச்சலைப் பிசைந்து தின்றான்.

திரும்பும்போது மெட்ரோ. ஸ்டேஷனில் இறங்கி வெளியே வந்து வரைபடத்தைப் பார்த்தால், நாங்கள் நிற்கிற இடத்திலேயே எங்கள் ஹோட்டல் இருக்கிறது என்று காட்டியது. சுற்றிப் பார்த்தோம். ஒரு பக்கம் சுவர், ஒரு பக்கம் பாலத்தின் தூண். ஹோட்டலைக் காணோம். ரோட்டைச் சுற்றினோம், திரும்ப அதே தூண். மழை பிடித்துக்கொண்டது. நம்ம ஊர் மழை மாதிரி அடித்துக் கொட்டிவிட்டுப் போகிற மழை இல்லை, தொணதொணவென்று ஓயாமல் நச்சரிக்கிற மழை. தொப்பலாக நனைந்து நின்றபோதுதான் தாஸ் அண்ணாந்து பார்த்தான்.

"அண்ணாத்த, வூடு தல மேல கீதுபா!"

ஹோட்டல் எங்கள் தலைக்கு மேலே, மலை உச்சியில் இருந்தது. வரைபடம் சொன்னது சரிதான், எத்தனை மாடி மேலே என்றுதான் அது சொல்லவில்லை. படிக்கட்டு தேடி ஏறினோம். பாதிப் படியில் ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடை, புகையும் வெளிச்சமுமாக இருந்தது. குளிரில் பல் அடித்துக்கொண்டதால் நிற்காமல் போய்விட்டோம்.

மறுநாள் எனக்கு மூக்கு அடைத்துக்கொண்டது. சளி என்றால் சாதாரணச் சளி இல்லை, இரண்டு மூக்கிலும் சிமென்ட் பூசிய மாதிரி. தாஸ் ஆவி பறக்கச் சோற்றைப் புளிக்காய்ச்சலில் பிசைந்து கொடுத்தான். வாயில் வைத்தேன். ஒன்றுமே இல்லை. உப்பு தெரிந்தது, புளிப்பு தெரிந்தது, ஆனால் புளிக்காய்ச்சல் வரவில்லை. கடலை பல்லில் சிக்கியது. வெந்தயம், பெருங்காயம், நல்லெண்ணெய் எல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை.

தட்டைத் தள்ளி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். மண்ணை மெல்கிற மாதிரி இருக்கிறது என்று மாலா சொல்வாள், நானும் தலையை ஆட்டிக் கேட்டுக்கொள்வேன். என் வாயிலேயே அது வந்தபோதுதான் அர்த்தம் புரிந்தது. எனக்கு இது ஒரு வாரத்தில் போய்விடும். அவள் இரண்டு வருஷமாக இப்படித் தின்கிறாள்.

சாயங்காலம் போனில் இன்னா வாசனை என்று கேட்டாள். என்ன சொல்வது? "மழ பேஞ்சிது. மண் வாசன" என்றேன்.

"பொய் சொல்ற. மூக்க அடச்சிகினு பேசுற. கஷாயம் வெச்சுக் குடிச்சியா?"

அடுத்த நாள் ஜுரத்தோடு இன்ஜினைப் பிரித்துப் பூட்டினேன். அதற்கு மறுநாள் ஜுரம் விட்டது, மூக்கு விடவில்லை. சாயங்காலம் பாதிப் படியில் இருந்த அந்தக் கடைக்குத் தாஸ் இழுத்துக்கொண்டு போனான். நாலு மேஜை. கடைக்காரம்மாவுக்கு எங்கள் வயது இருக்கும். கட்டையாக வெட்டிய முடி, முழங்கை வரை சுருட்டிய சட்டை, குரலில் அதிகாரம். பார்த்த உடனே எனக்கு மாலாவின் வறுவல் கடை ஞாபகம் வந்துவிட்டது. தாஸ் செந்தமிழில் சோறும் கோழியும் சொன்னான். எனக்குக் காரமில்லாமல் ஏதாவது காய் கொடுக்கும்படி சொன்னேன். அவர் ஒரு வெள்ளரிக்காயை எடுத்துக் காட்டினார். சரியென்றேன்.

அந்த நேரம் பார்த்து மாலா கூப்பிட்டாள். சிக்னல் வந்து வந்து போனது. படம் நின்றுவிட்டது. நான் போனைக் காதில் அழுத்திக்கொண்டு கத்தினேன்.

"மாலா! மாலா! கேக்குதா? ஏ, மாலா!"

அடுப்பருகே இருந்த கடைக்காரம்மா திரும்பிப் பார்த்தார். ஒரு நிமிஷம் முன்பு காரம் வேண்டாம் என்றவனை ஏற இறங்கப் பார்த்தார். "மா லா?" என்றார். அட, இந்த அம்மா என் பெண்டாட்டி பெயரை எவ்வளவு அழகாகச் சொல்கிறார் என்று நானும் சிரித்துத் தலையாட்டி, "ஆமா, மாலா!" என்றேன். அவரும் சிரித்தார். அடுப்பில் எண்ணெய் சீறியது.

தட்டு வந்தது. உடைத்துப் போட்ட வெள்ளரிக்காய். மேலே சிவப்பு எண்ணெய், பூண்டு, வாய் பிளந்த மிளகு போல ஏதோ ஒன்று. வெள்ளரிக்காய்தானே என்று அள்ளி வாயில் போட்டேன்.

முதலில் சில்லென்று இருந்தது. நறுக்கென்று உடைந்தது. அப்புறம் காரம் ஏறியது. அதுவரை சரி. பிறகு உதடு நடுங்க ஆரம்பித்தது. உண்மையாகவே நடுங்கியது, இன்ஜின் ஓடும்போது படகுப் பலகையில் கை வைத்த மாதிரி. நாக்கில் எறும்பு ஊர்ந்தது. பிறகு நாக்கு எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. பக்கவாதம் வந்துவிட்டது என்றே நினைத்தேன்.

"தாசு, என் வாய் கோணிகிச்சா பாரு!"

"இல்லபா, எப்பவும் போலத்தான் கோணிகினு கீது" என்று சொன்னாலும் அவனும் பயந்துபோய்த் தட்டை எடுத்து எனக்கு விசிறினான். கடைக்காரம்மா ஓடிவந்து தாஸின் போனில் படபடவென்று பேசினார். ஆப் நிதானமாகச் சொன்னது.

"ஐயா, மரத்துப்போகும் காரம் வேண்டும் என்று தாங்கள்தான் பலமுறை உரக்கக் கேட்டீர்கள்."

மா என்றால் மரத்துப்போவது. லா என்றால் காரம். இரண்டும் சேர்ந்த சுவைக்கு அந்த ஊரில் மாலா என்று பெயர். எனக்கு விளங்கச் சற்று நேரம் ஆனது. விளங்கியதும் மரத்த நாக்கை இழுத்துப் பிடித்து, "அது என் மனைவியின் பெயர்" என்றேன். ஆப் சொன்னது. அந்த அம்மா என்னை உற்றுப் பார்த்தார்.

"உங்கள் மனைவியின் பெயர் மரத்துப்போகும் காரமா?"

"அண்ணிக்கு கரீட்டான பேருபா" என்றான் தாஸ்.

கடை முழுக்கச் சிரித்தது. என் கையில் இருந்த போனும் சிரித்தது. சிக்னல் எப்போதோ வந்திருக்கிறது, மாலா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து எத்தனை நாளாயிற்று!

நானும் சிரித்துக்கொண்டே இன்னொரு துண்டை எடுத்தேன். பிறகு இன்னொன்று. தட்டு பாதியானபோதுதான் உறைத்தது. எனக்கு மூக்கு அடைத்திருக்கிறது. மூன்று நாளாக எதுவும் உள்ளே போகவில்லை. இது போகிறது. நறுக்கென்ற சத்தம் போகிறது, குளிர்ச்சி போகிறது, எரிச்சலும் நடுக்கமும் போகின்றன. இதில் எதற்குமே மூக்கு தேவையில்லை.

தாஸின் போனை அந்த அம்மாவிடம் நீட்டிச் செந்தமிழில் சொன்னேன். என் மனைவிக்கு வாசனை தெரியாது. இரண்டு ஆண்டுகளாக உணவில் அவளுக்கு விருப்பம் இல்லை. இதை எப்படிச் செய்வது என்று எனக்குக் காட்டுவீர்களா?

அவர் என்னைக் கையைப் பிடித்து அடுப்பங்கரைக்கு இழுத்துக்கொண்டு போனார்.

தோல் சீவாமல் வெள்ளரிக்காயைப் பலகையில் கிடத்தினார். அகலக் கத்தியைப் படுக்க வைத்து, மேலே உள்ளங்கையால் ஒரே போடு. காய் தானாக நீளவாக்கில் பிளந்துகொண்டது. கையால் பிய்த்து உப்புப் போட்டு ஒதுக்கினார். ஏன் வெட்டக் கூடாது என்று கேட்டேன். "வெட்டிய பக்கம் வழவழப்பாக இருக்கும், சாறு நிற்காது. உடைந்த பக்கம் பிடித்துக்கொள்ளும்" என்றது ஆப். காய் விட்ட தண்ணீரை வடித்து, நசுக்கிய பூண்டு, சர்க்கரை, சோயா சாஸ், வினிகர் போட்டார். மிளகாய்ப்பொடியையும் வாயை மரக்கவைக்கும் அந்த மிளகையும் மேலே குவித்து, சூடான எண்ணெயை ஊற்றினார். ஷ்ஷ் என்றது. பிறகு ஒரு சுற்று எள்ளெண்ணெய். வீடியோவில் மாலா பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்று நாள் சாயங்காலம் அந்தக் கடையிலேயே கிடந்து பழகினேன். ஊருக்குக் கிளம்பும் நாள் அந்த மிளகில் ஒரு பொட்டலம் கட்டி என் கையில் வைத்தார். நான் நன்றி சொல்ல ஆப்பைத் திறப்பதற்குள் அவரே, "மாலா" என்று சொல்லித் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். அதற்கு ஆப் வேண்டியிருக்கவில்லை.

விமானத்தில் மூக்கு திறந்தது. வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்தால் சட்டை துணியெல்லாம் அந்த மிளகு வாசனை, எலுமிச்சைத் தோலும் மரத்தூளும் கலந்த மாதிரி. மாலா ஒரு சட்டையை எடுத்து முகத்தில் வைத்து இழுத்துப் பார்த்தாள். துவைக்கிற கூடையில் போட்டாள். நானும் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

முதல் தடவை சாதாரண வெள்ளரிக்காயில் செய்தேன். விதையும் தண்ணீருமாகக் கூழாகிவிட்டது. மாலாவிடம் காட்டவே இல்லை. இதற்குக் காய் சின்னதாக, கெட்டியாக இருக்க வேண்டும். கத்திவாக்கத்தில் ஒரு படகு வேலை முடித்து ரயிலில் வரும்போது பதில் தானாக ஏறிவந்தது. கூடை நிறைய வெள்ளரிப்பிஞ்சு. அந்தப் பழைய அம்மா இல்லை, வேறொருவர். கீறி உப்பு மிளகாய் வைக்கட்டுமா என்றார். வேண்டாம், முழுசாக, கூடையில் இருக்கிறதில் பாதியைக் கொடுங்கள் என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

நான் அடுப்படிக்குள் நுழைந்ததே மாலாவுக்கு வேடிக்கை. வாசலில் ஸ்டூல் போட்டுக் குந்திக்கொண்டாள். அகலக் கத்தி எதுவும் கைக்கு அகப்படவில்லை, அம்மிக் குழவியை எடுத்து ஒரு போடு போட்டேன். பிஞ்சு வழுக்கிப் பறந்து சிலிண்டர் மேல் மோதியது. இரண்டாவது உடைந்தது. எண்ணெயைக் காயவைத்துவிட்டுப் பூண்டோடு மல்லுக்கட்டியதில் எண்ணெயை மறந்துவிட்டேன். புகைகிற எண்ணெயை அப்படியே மிளகாயின் மேல் கொட்டினேன். கமறல் வீடு முழுக்கப் பரவியது. எனக்கு மூச்சு முட்டியது. பின்னால் மாலா இருமினாள்.

"யோவ், மொளகா தீஞ்சிபோச்சு! அடுப்ப அமத்து!"

அமர்த்தினேன். அப்புறம்தான் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

"உனக்கு எப்டி தெரிஞ்சிது?"

அவள் தொண்டையைத் தடவிக்கொண்டாள். "காறுது" என்றாள். "வாசன இல்ல. காறுது, அவ்ளோதான்."

அவ்வளவுதான். ஆனால் அடுப்பில் ஏதோ தீய்கிறது என்று இந்த வீட்டில் அவள் சொல்லி இரண்டு வருஷம் ஆயிற்று.

மிளகாயைக் கொட்டிவிட்டுப் புதிதாகச் செய்தேன். எண்ணெயைக் கண் எடுக்காமல் பார்த்து ஊற்றினேன். நம்ம நல்லெண்ணெய் ஒரு சுற்று. கிண்ணத்தை அவள் கையில் கொடுத்தேன். பரீட்சை எழுதிவிட்டு நிற்கிற பிள்ளை மாதிரி சுவரில் சாய்ந்து நின்றேன்.

ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டாள். நறுக்கென்ற சத்தம் எனக்கே கேட்டது. மென்றாள். நின்றாள். விரலால் உதட்டைத் தொட்டுப் பார்த்தாள். இன்னொரு துண்டு. நெற்றியில் வேர்வை பூத்தது.

"எப்டி கீது?" என்றேன். கேட்டிருக்கக் கூடாது என்று உடனே தோன்றியது. நல்லாத்தான் கீது என்று சொல்லிவிட்டுக் கிண்ணத்தைத் தள்ளிவிட்டால் அடுத்து என்ன செய்வதென்று எனக்குத் தெரியாது. என்னிடம் வேறு வழியில்லை, வேறு ஊரும் இல்லை.

மாலா மென்று முழுங்கினாள். என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"கலீஜா கீதுய்யா" என்றாள்.

"இன்னா?"

"உப்பு போட்டியே, தண்ணிய வடிச்சியா? கொழகொழன்னு கீது. பூண்ட முழுசு முழுசா போட்டுக்கீற. சக்கர எதுக்கு இவ்ளோ, பாயசமா வெக்கிற? மூணு நாள் அந்தம்மா கடைல போய்க் குந்திகினு இதான் கத்துகினு வந்தியா? அந்தம்மா பேர வெளிய சொல்லிடாத, மானம் போவும் அவங்களுக்கு."

அவள் சொல்லச் சொல்ல எனக்குக் காது குளிர்ந்தது. இன்னும் சொல்லு, இன்னும் சொல்லு என்று இருந்தது. திட்டிக்கொண்டே ஒவ்வொரு துண்டாக எடுத்து வாயில் போட்டுக்கொண்டிருந்தாள், அது அவளுக்கே தெரிந்ததாகத் தெரியவில்லை. கிண்ணத்தின் அடியில் சிவப்பு எண்ணெய் மட்டும் மிச்சம் இருந்தது. அதையும் விரலால் வழித்தாள்.

வாசனை திரும்பி வரவில்லை. இதை எழுதும் இன்றுவரை வரவில்லை. டாக்டர் சொன்ன மாதிரி வந்தால் வரட்டும்.

மாலா எழுந்து சேலையை இழுத்துச் செருகினாள். கடையில் மீன் வெட்டிய பட்டைக் கத்தியைப் பரண் மேலிருந்து எடுத்துக் கழுவினாள். அந்தக் கத்தி கீழே இறங்கியே இரண்டு வருஷம் இருக்கும். பலகையில் ஒரு பிஞ்சைக் கிடத்தி, கத்தியைப் படுக்க வைத்து, உள்ளங்கையால் ஒரே போடு போட்டாள். பிஞ்சு சொன்னபடி பிளந்துகொண்டது.

"பாத்துக்க, இப்டி அடிக்கணும். தள்ளு அப்பால. இன்னும் நாலு பிஞ்சி கழுவி எடுத்தா."

கழுவப் போனேன். குழாயைத் திறந்துவிட்டு, அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கண்ணீர் நிற்கும் வரைக்கும் அப்படியே நின்றேன்.

"இன்னாய்யா பண்ற அங்க?" என்று உள்ளேயிருந்து அதட்டினாள். "வெள்ளரிப்பிஞ்சிய எண்ண தேச்சுக் குளிப்பாட்றியா? சீக்கிரம் வா, பசிக்குது!"